டம்மிக்கு வைத்த பொட்டு

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான் துப்பாக்கி வைத்திருப்பதாகச் சோதனை வாசல் சொன்னது. மற்ற நாட்களில் நான் உத்தமி.

முதல் வெள்ளி சிரித்துவிட்டுப் போனேன். இரண்டாவது வெள்ளி, ஏதோ ஊக்காக இருக்கும் என்று நினைத்தேன். அந்த வாசலுக்குப் பொறுப்பான நுட்பர் நானே என்பதால் என்னைச் சோதிக்க வேறு ஆள் இல்லை. நானே என்னைத் தடவிப் பார்த்து, நானே என்னை உள்ளே விட்டேன். அரசாங்க வேலையில் இப்படி ஒரு வசதி.

தென்கரை மாவட்டத்தில் கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே நுழைவு, அதில் ஒரே சோதனை வாசல். முதியோர் உதவித்தொகைக்கு வருபவர்கள், பட்டா மாற்ற வருபவர்கள், வாய்தாவுக்கு வருபவர்கள், தீர்ப்பு நல்லபடியாக வரவேண்டுமென்று கோயில் எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் எல்லாரும் அதற்குள் நுழைந்துதான் போகவேண்டும். ரோஷிணி என்று பெயர் எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பழைய வாசல்கள் இரும்பைத் தேடின. பெல்ட்டுக்கும் டிபன் பாக்ஸுக்கும் அலறின. பிறகு ஆட்கள் வீட்டு மேசையில் வைக்கிற அச்சு இயந்திரத்தில், கெட்டிப் பிளாஸ்டிக்கில், துப்பாக்கி செய்ய ஆரம்பித்தார்கள். அப்படி ஒன்று மூன்று வாசல்களைச் சத்தமில்லாமல் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போய் நான்கு பேரைக் கொன்றது. அதற்குப் பிறகுதான் புலப்படாத் துப்பாக்கித் தடைச் சட்டம் வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாவட்டத்தின் சோதனை வாசலில் மணி அடிக்காத துப்பாக்கி எதுவாக இருந்தாலும் அது புலப்படாத் துப்பாக்கி. வைத்திருப்பவருக்குப் பத்து வருடம், ஜாமீன் கிடையாது. லைசென்ஸ் உள்ளவர்களும் வருடத்துக்கு ஒருமுறை துப்பாக்கியோடு வாசலைக் கடந்து, மணி அடிக்கவைத்து, முத்திரை வாங்கிப் போகவேண்டும்.

வாசல் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் டம்மி. சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் கைத்துப்பாக்கி வடிவம், சுடாது. சட்டத்தில் அதற்கு 'மேற்கோள் மாதிரி' என்று பெயர். கைபட்டால் அழுக்காகும் என்று ஒரு துணி உறைக்குள் போட்டு வைத்திருப்போம். தினமும் காலை எட்டே முக்காலுக்கு நான் அதை உறையோடு எடுத்துக்கொண்டு வாசலைக் கடப்பேன். மணி அடிக்கும். கையெழுத்துப் போடுவேன். அன்று முழுக்க வாசல் சொல்வதுதான் உண்மை, எந்தக் கோர்ட்டும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்று நான்காவது பிரிவு சொல்கிறது. இந்தப் புது வாசல் தினமும் டம்மியைப் பார்த்துத்தான் துப்பாக்கி என்றால் என்னவென்று பாடம் படித்துக்கொள்கிறது. அதைப்போல இல்லாத எதற்கும் அது அசையாது. டிபன் பாக்ஸ்காரர்களுக்கு நிம்மதி.

ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, பேச்சிமுத்து அண்ணாச்சி வந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, ஒரு வங்கி வாசலில் காவலுக்கு நிற்கிறவர். தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி. நாலடி நீளம். பஸ் நிறுத்தத்திலிருந்து அவர் நடந்து வந்ததை ஊரே பார்த்திருக்கும்.

வாசலைக் கடந்தார். மணி அடிக்கவில்லை.

"திரும்ப வாங்க அண்ணாச்சி" என்றேன். வந்தார். அடிக்கவில்லை. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். வாசல் கம்மென்று இருந்தது.

"ஏம்மா, இது என்ன, வெளக்கமாறா? ஒனக்குத் தெரியுதுல்லா?" என்றார்.

"எனக்குத் தெரியுது. கேட்டுக்குத் தெரியலையே."

கண்காணிப்பாளர் ஜெபராஜ் சார் எழுந்து வந்தார். விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற ரகம். "காலைல டம்மி அடிச்சிச்சா?"

"அடிச்சிச்சு சார்."

"அப்போ கேட்டு சரி. துப்பாக்கிதான் தப்பு."

காவலுக்கு நின்ற சப்-இன்ஸ்பெக்டருக்கே பொறுக்கவில்லை. "சார், நாலடி இருக்கு. இங்க நின்னு பாத்தா எனக்கே தெரியுது."

"ஒம்ம கண்ணு சட்டத்துல வராதுவே" என்றார் ஜெபராஜ் சார்.

அரை மணி நேரத்தில் அண்ணாச்சியைக் கைது செய்தார்கள். எல்லார் கண்ணுக்கும் தெரிகிற துப்பாக்கியை மறைத்து வைத்திருந்த குற்றம். அவர் கோபப்படவே இல்லை. குழம்பிப்போய் என்னையே பார்த்தார். "பன்னெண்டு வருசமா பேங்க் வாசல்ல நிக்கேன்மா. போறவ வாறவ யாரும் என்னைப் பாத்ததில்ல. இப்ப துப்பாக்கிக்கும் அந்தக் கதியாயிட்டு" என்றார். அதை அவர் சும்மா சொன்னது போலத்தான் சொன்னார்.

அவருக்காக இலவச சட்ட உதவியிலிருந்து ஃபர்ஹானா வந்தாள். மேலப்பாளையத்துக்காரி, என் வயது, பேச்சு படபடவென்று இருக்கும். துப்பாக்கியை வேறு மாவட்ட வாசலில் சோதிக்கச் சொல்லி மனுப் போட்டாள். தள்ளுபடி. வாசலையே சோதிக்கச் சொல்லிப் போட்டாள். காலையில் டம்மி அடித்ததற்கு என் கையெழுத்து இருப்பதால் அதுவும் தள்ளுபடி. மொத்தத்தில் அவரை உள்ளே வைத்திருந்தது என் கையெழுத்துதான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நானும் அவளும் ஒன்றாக உள்ளே வந்தோம். எனக்கு மணி அடித்தது. எவர்சில்வர் டிபன் கேரியரும் சாவிக் கொத்துமாக வந்த அவளுக்கு அடிக்கவில்லை.

"போன வெள்ளியும் அடிச்சதுன்னு சொன்னியள்ல" என்றாள். "வெள்ளிக்கிழமைன்னா மட்டும் என்ன விசேஷம்? வித்தியாசமா என்ன செய்யுதிய?"

"ஒண்ணும் செய்யல மேடம். தலைக்குக் குளிப்பேன். வெளக்கேத்துவேன். தாலிக்குக் குங்குமம் வைப்பேன். இட்லிக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்திவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால், அன்று காலை மணி அடித்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் கல்யாணமான பெண்கள். ஒன்பதாவது ஆள் புது வண்டிக்குப் பூஜை போட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்த கிராம உதவியாளர். நாங்கள் பெண்கள் என்றால் நகை என்று விட்டுவிட்டோம். வாசல் கழுத்துக்கு மேலே பார்க்காது, முகத்தைப் படம் பிடிக்கக் கூடாதென்று விதி. ஆகவே நெற்றிப் பொட்டு அதற்குத் தெரியாது. தாலிப் பொட்டு தெரியும்.

மதிய இடைவேளையில் முந்தானையை நனைத்துத் தாலியிலிருந்த குங்குமத்தைத் துடைத்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நானாகத் துடைத்தது அதுதான் முதல் தடவை. மஸ்கட்டில் இருக்கிற மனிதருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று ஒருமுறை கும்பிட்டுக்கொண்டேன். வாசலைக் கடந்தேன். மணி அடிக்கவில்லை. கைப்பையிலிருந்த டப்பியைத் திறந்து மறுபடி வைத்துக்கொண்டு கடந்தேன். அடித்தது.

ஃபர்ஹானாவின் முகம் மாறியது. "அந்த டம்மியக் கொஞ்சம் எடுங்க."

உறையைப் பிரித்தேன். சாம்பல் நிறக் குழலின் மேல், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். அழகான பொட்டு. ஒரு துளிகூட உதிரவில்லை. வைத்தது நான்தான்.

ஆயுத பூஜை அன்று ஆபீசில் ஒன்றுவிடாமல் பொட்டு வைத்தோம். கணினி, ஸ்டேப்ளர், தண்ணீர் இயந்திரம், ஜீப். "நான் சர்ச்சுக்குப் போறவன்னு யோசிக்காதிய. எதையும் விட்டுறாம வைங்க" என்று ஜெபராஜ் சார்தான் கூடவே நின்றார். ஆயுத பூஜைக்கு ஆபீசில் இருக்கிற ஒரே ஆயுதத்தை விடலாமா? டம்மியை வெளியே எடுத்துப் பொட்டு வைத்து, ஊதுபத்தி காட்டி, உறைக்குள் போட்டேன். வைத்த பொட்டைத் துடைக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது, தானாக உதிரும்வரை விட்டுவிடுவோம். அதற்குப் பிறகு யாரும் உறையைப் பிரிக்கவே இல்லை.

"குங்குமம் எங்க வாங்கினிய?" என்றாள் ஃபர்ஹானா.

"இங்க பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான். நாங்க எல்லாரும் அங்கதான் வாங்குவோம்."

"அதுல ஏதோ ரசாயனப் பொடி கலக்கானுவ. அந்தப் பொட்டுதான் கேட்டுக்குப் பளிச்சுனு தெரிஞ்சிருக்கு. பரீட்சைக்குப் படிக்காத பய, கேள்வித்தாள்ல மைக்கறை இருந்தா இதுதான் மூணாவது கேள்வின்னு அடையாளம் வச்சிக்கிடுவாம்லா, அது மாதிரி. தினமும் பாத்துப் பாத்து, துப்பாக்கின்னா பொட்டுன்னு படிச்சிட்டு. துப்பாக்கிய மறந்துட்டு."

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்த நிமிடம் சிரிப்பு நின்றது. இந்த மூன்று வாரத்தில் பொட்டில்லாத துப்பாக்கியோடு யார் யார் உள்ளே போனார்களோ. அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் தெரியாது.

"நல்லதாப் போச்சு. கோர்ட்ல சொல்லிருவோம். அண்ணாச்சி வந்துருவாவ" என்றேன்.

ஃபர்ஹானா கைபேசியில் சட்டத்தைத் திறந்து ஏழாவது பிரிவைக் காட்டினாள். 'மேற்கோள் மாதிரி' இச்சட்டத்தின் எல்லா நோக்கங்களுக்கும் துப்பாக்கியாகவே கருதப்படும்.

"டம்மிய யாரும் திருடிறக் கூடாதுன்னு போட்டது. ஆனா இப்ப பாருங்க. கோர்ட்ல நிரூபிக்கணும்னா எல்லாருக்கும் முன்னால பொட்டைத் துடைச்சுட்டு டம்மிய உள்ள கொண்டு போகணும். கேட்டு அடிக்காது. அடிக்காத துப்பாக்கி என்ன?"

"புலப்படாத் துப்பாக்கி."

"அது யார் பொறுப்புல இருக்கு?"

பதிவேட்டில் தினமும் போடுகிற என் கையெழுத்தைப் பார்த்தேன்.

மூன்று நாள் சும்மா இருந்தேன். அதை மறைப்பதற்கில்லை. என் மகளுக்கு ஏழு வயது, அப்பா வெளிநாட்டில். நான் உள்ளே போனால் அவளுக்கு யார் தலை பின்னுவார்கள் என்று இருந்தது. ஜெபராஜ் சாரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் பேசினார்.

"ஒண்ணும் செய்யாதிய. பொட்டைத் தினம் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டிருங்க. கேட்டு மெதுவா பழைய பாடத்துக்கு வந்துரும். ஒரு ஈ காக்காக் குஞ்சுக்கும் தெரியாது."

"அண்ணாச்சி?"

"கேஸு நடக்கும். ரெண்டு வருசத்துல விட்டுருவாவ."

இரண்டு வருடம் என்பதை அவர் இரண்டு நாள் போலச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஆனால் செவ்வாய்க்கிழமை வாய்தாவுக்கு அண்ணாச்சியைக் கூட்டி வந்தார்கள். எட்டு நாளில் சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. வாசலைக் கடக்கும்போது அவர் மெதுவாகக் கடந்து, நின்று, மேலே பார்த்தார். ஒருவேளை இப்போதாவது அடிக்காதா என்று பார்க்கிறார் என்று புரிந்தது. வெறும் கையோடு வந்திருக்கிறோம் என்பதைக்கூட மறந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகு எனக்கு யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

ஃபர்ஹானாவிடம் மனுப் போடச் சொன்னேன். நீதிபதியே படியிறங்கி வாசலுக்கு வந்தார். வயதானவர், பொறுமைசாலி. நான் டம்மியை உறையிலிருந்து எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். பொட்டோடு கடந்தேன், அடித்தது. ஈரத் துணியால் துடைத்தேன். சந்தனம் சுலபத்தில் போகவில்லை, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. மறுபடி கடந்தேன்.

மணி அடிக்கவில்லை.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, இன்னிக்குக் காலைல மேற்கோள் மாதிரிக்கு மணி அடிச்சிருக்கு. அதனால இன்னிக்குப் பூரா வாசல் சரின்னு சட்டம் சொல்லுது. வாசல் சரின்னா அவரும் குற்றவாளி, நீங்களும் குற்றவாளி. வாசல் தப்புன்னா ரெண்டு பேருமே இல்ல. ஆனா தப்புன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல."

"உங்க கண்ணு முன்னாலதான ஐயா நடந்துச்சு" என்றாள் ஃபர்ஹானா.

"என் கண்ணும் சட்டத்துல இல்லம்மா" என்றார் அவர். எங்கோ கேட்ட பேச்சாக இருந்தது.

கடைசியில் அவருக்கு முடிந்ததைச் செய்தார். கேள்வியை மேல்நீதிமன்றத்துக்கு எழுதினார். பதில் வரும்வரை, ஜாமீன் என்று பெயர் சொல்லாமல், அண்ணாச்சியை விடுவித்தார். என்மேல் வழக்குப் பதியச் சொல்லி, எட்டு நாள் உள்ளே இருந்த பிறகு என்னையும் விடுவித்தார். அந்த எட்டு நாளும் அண்ணாச்சியின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து என் மகளுக்குத் தலை பின்னிவிட்டார்கள். வேலையிலிருந்து என்னைத் தற்காலிகமாக நீக்கினார்கள். கம்பெனிக்காரர்கள் வந்து வாசலுக்குப் புதிதாகப் பாடம் நடத்தினார்கள். மேற்கோள் மாதிரிக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று எல்லா மாவட்டத்துக்கும் சுற்றறிக்கை போனது. அதைத் தட்டச்சு செய்து கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே மாட்டியவர் ஜெபராஜ் சார்.

ஒரு வருடம் ஆயிற்று. மேல்நீதிமன்றம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா நானும் அண்ணாச்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவர் மனைவி கொடுத்துவிடும் முறுக்கைத் தின்றுவிட்டு வருவோம்.

போன வாரமும் போனோம். என் இடத்தில் இப்போது மிருதுளா என்ற பெண் இருக்கிறாள். வேலைக்கு வந்து ஆறு மாதம், கண்ணும் கருத்துமாகச் செய்வாள். நான் முதலில் கடந்தேன், சத்தமில்லை. அண்ணாச்சி பின்னால் வந்தார். மணி அடித்தது.

மிருதுளா பதறிப்போய் அவரைச் சோதித்தாள். சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் இருந்தது.

"வீட்ல குடுத்துவிட்டா. கோயில் பழம். இன்னைக்காவது கேஸு முடியட்டும்னு" என்று கூச்சத்தோடு சொன்னார்.

பழத்தை நான் வாங்கிக்கொண்டு அவரை வெறுங்கையோடு கடக்கச் சொன்னேன். அடிக்கவில்லை. பழத்தோடு நான் கடந்தேன். அடித்தது.

"மிருதுளா, டம்மி உறைக்குள்ள என்ன வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள். பிறகு சுவரிலிருந்த சுற்றறிக்கையைப் பார்த்துக்கொண்டு, "பொட்டு வைக்கலக்கா. சத்தியமா வைக்கல. ஆயுத பூஜை அன்னிக்கு எல்லாத்துக்கும் வச்சிட்டு இதை மட்டும் விட மனசு கேக்கல. அதான் ஒரே ஒரு எலுமிச்சம்பழம்" என்றாள்.

உறையைப் பிரித்தாள். டம்மி துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. அதன் பக்கத்தில், மூன்று வாரத்தில் காய்ந்து சுருங்கிய ஒரு பழம்.

அண்ணாச்சி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எடுத்துத் தூரப் போட்டுருவமாம்மா? சின்னப் பிள்ள. யாருக்கும் தெரியாது" என்றார். பாவம், அவர் வாயிலிருந்தே அது வந்தது.

எனக்கும் அதுதான் தோன்றியது. உண்மையாகவே கை நீட்டிவிட்டேன். பிறகுதான் கேட்கவேண்டிய கேள்வி ஞாபகம் வந்தது.

"பூஜைக்கு அப்புறம் லைசென்ஸ் சோதனைக்கு யாராவது வந்தாவளா?"

"ஒருத்தர்தான்க்கா. முந்தாநாள். தோட்டத்துல பன்றி விரட்டுத துப்பாக்கி. எத்தனை தடவை போனாலும் அடிக்கல" என்றாள் மிருதுளா. "உள்ள வச்சிருக்காவ."

எங்கள் வழக்கின் எண்ணைச் சொல்லி உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். மிருதுளா இன்னும் ஒன்றும் புரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் காய்ந்த பழத்தை எடுக்கவில்லை. உறையைக் கட்டி அவள் கையிலேயே கொடுத்தேன்.

"எங்கூட வா" என்றேன். "பயப்படாத. பெஞ்சுல மூணு பேர் உக்காரலாம்."